மருந்து ஒவ்வாத நோயாளி

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் இம்மொழி பொருந்தும். ஆயின் நாட்பட்ட தோல்நோய் உற்றவர்க்கு மருந்து மூன்று நாளில் முடிவதன்று. காளாஞ்சகப்படை உடையவர் ஆண்டுக்கணக்கில் களிம்பு பூசுகிறார். கரப்பான் உடையவர் மழைக்காலந்தோறும் மருத்துவரை நாடுகிறார். தொழுநோய் உற்றவர் ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ நாள் தவறாது மாத்திரை உண்ண வேண்டியவராகிறார். இவ்வாறு நீண்ட நாள் நம்மோடு உறவாடும் மருந்து, ஒரு நாள் உறவை மறந்து உடலைத் தாக்குமானால் நாம் யாது செய்வது? அதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இவ்வினா எல்லார்க்கும் உரியதே எனினும், சொந்த ஊரைவிட்டு வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்க்குச் சிறப்பாக உரியது. ஊரில் நம் குடும்ப வைத்தியர் நம்மைச் சிறுவயது முதல் அறிவார். நமக்கு எந்த மருந்து ஆகாது என்பது அவர் நினைவிலேயே இருக்கும். வேற்றூரில் நம்மை அறிந்த வைத்தியர் இல்லை; மருந்துக் கடைக்காரரின் மொழி வேறு; சீட்டில் எழுதியிருப்பதும் நமக்கு விளங்குவதில்லை. ஆகவே அங்கு நம் உடலின் வரலாற்றை நாமே சுமந்து செல்ல வேண்டியவராகிறோம்.

ஐதராபாத்தை அடுத்த சிகந்தராபாத்தின் வடபால், படைப்பாளையப் பகுதியில் அமைந்தது லோத்குண்டா என்னும் ஊர். தெலுங்கில் ‘லோது’ என்பது ஆழத்தையும் ‘குண்ட’ என்பது குளத்தையும் குறிக்கும். முற்காலத்தில் சென்னைப் படையினர் சிகந்தராபாத்தில் நிலைகொண்டிருந்தனர். அவர்களைத் தொடர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களும், பின்னாளில் ஆலைகளையும் அலுவலகங்களையும் நாடி வந்தவர்களும் இப்பகுதியில் பரவி வாழ்கின்றனர். இவ்வூரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்வோம். குடும்பத் தலைவர் முப்பத்து நான்கு வயதினர். கடைசல் பட்டறையில் வேலை செய்பவர். மனைவியும் இரு குழந்தைகளும் முதிய தாயும் அவரோடு வாடகை வீட்டில் வாழ்கின்றனர். இவர் நம் கற்பனையில் பிறந்தவரே. எனினும் இவருக்கு நேர்வதாக நாம் சொல்லப்போவது எவர்க்கும் நேரக்கூடியது.

அவருடைய கைகளிலும் முதுகிலும் எட்டு இடங்களில் வெளிறிய தேமல் தோன்றியது. அவ்விடங்களில் சூடும் குளிரும் தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் தொழுநோய் என்று கண்டறிந்து, கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கினர். மாத்திரை அட்டையை இலவசமாகவே கொடுத்தனர். நான்கு வாரம் யாதொரு தொல்லையும் இல்லை. ஐந்தாம் வாரத்தில் காய்ச்சல் கண்டது. மறுநாள் மார்பில் சிவந்த தடிப்புகள் எழுந்து, இரண்டு நாளில் உடல் முழுவதும் பரவின. கழுத்தில் நெறி கட்டியது. அரிப்புத் தாங்க முடியவில்லை.

இப்பொழுது அவர் காதில் மூன்று அறிவுரைகள் விழுகின்றன. தாய், “அம்மை போட்டிருக்கிறதப்பா, வேப்பிலை கொண்டு வருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகாதே” என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், “அந்த மாத்திரை சூடு, தம்பி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோர் குடி, சரியாகிவிடும்” என்கிறார். உடன் வேலை செய்யும் நண்பரோ, “அரிப்புக்குக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள், பழைய மருந்தை விடாதே” என்கிறார். மூவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயின் மூன்றும் ஆபத்தான வழிகளே. முதல் வழியில் காலம் வீணாகிறது. இரண்டாம் வழியில் தொழுநோய் குணமாகாமல் நிற்கிறது. மூன்றாம் வழியில் உயிரே போகக்கூடும்.

இவருக்கு நேர்ந்தது யாது? கூட்டு மருந்தில் மூன்று மருந்துகள் உள்ளன. அவை ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் என்பன. இவற்றுள் டாப்சோன் என்னும் மருந்து மிகச் சிலருடைய உடலுக்கு ஒவ்வாது. அவ்வாறு ஒவ்வாதவர்க்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டல், கல்லீரல் அழற்சி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகவோ ஒருங்கேயோ தோன்றும். இதனை மருத்துவர்கள் டாப்சோன் ஒவ்வாமைக் கூட்டுநோய் என்பர்.

இம்மருந்தின் வரலாறு நமக்கு அயலானதன்று. டாப்சோன் என்னும் பொருள் 1908-இல் ஜெர்மனியில் முதன்முதல் செய்யப்பட்டது. அப்போது அதன் மருத்துவப் பயனை எவரும் அறியார். 1941-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இதன் வழிப்பொருளான புரோமின் என்னும் மருந்தை நோயாளிகட்குக் கொடுத்துப் பயன் கண்டனர். 1940-களில் நம் செங்கல்பட்டு லேடி வெலிங்டன் தொழுநோய் நிலையத்தில் ராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் டாப்சோனையே எண்ணெயில் கலந்து ஊசி வழியாகச் செலுத்திச் சோதித்தார். அதற்கு முன் தொழுநோய்க்கு இருந்த முக்கிய மருந்து நீரடிமுத்து எண்ணெயே. அதன் பயனோ குறைவு; ஊசியின் வலியோ மிகுதி. சில காசு விலையுள்ள மாத்திரையால் நோய் அடங்கும் என்ற செய்தி உலகெங்கும் பெரு மகிழ்ச்சியை விளைத்தது.

அம்மகிழ்ச்சியினிடையே ஓர் எச்சரிக்கையும் எழுந்தது. சிகந்தராபாத்திலிருந்து ஆல்வால், பொல்லாரம் வழியாக வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் நிஜாமாபாத்துக்கு முன்னர் டிச்பள்ளி என்னும் ஊர் உள்ளது. அங்கு இசபெல் கெர் என்னும் மருத்துவ அம்மையாரும் அவர் கணவர் ஜார்ஜ் கெரும் 1915-இல் தொழுநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினர். அம்மருத்துவமனையில் பணியாற்றியவர்களுள் ஜான் லோ என்பவர் ஒருவர். அவர் பின்னர் கல்கத்தாவிலும், அதன்பின் ஆப்பிரிக்காவின் நைஜீரியாவிலும் தொழுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். டாப்சோனைச் சிறு அளவில் வாய்வழி கொடுத்தால் போதும் என்று காட்டியவர்களுள் அவரும் ஒருவர். மருந்தின் நன்மையைக் கூறிய அவரே 1949-இல் அதன் தீமையையும் எழுதினார். சிகிச்சை பெற்றோருள் சிலர்க்குச் சில வாரங்களில் காய்ச்சலும் நெறிகட்டலும் தோல் உரிதலும் நேர்ந்ததைத் தம் கட்டுரையின் பின்னிணைப்பாக அவரும் அவருடைய துணைவர் ஸ்மித்தும் வெளியிட்டனர். 1951-இல் வேறு இரு மருத்துவர்கள் அதே நிலையை விரித்துரைத்தனர். நல்ல மருந்தின் குறையை மறைக்காமல் எழுதி வைத்ததனால் பின்வந்தோர் பலர் உயிர் பிழைத்தனர் என்பது நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

இவ்வொவ்வாமை அரிதே. டாப்சோன் உண்போருள் நூற்றுக்கு அரைப் பேர் முதல் மூன்றரைப் பேர்க்கு மேல் வருவதில்லை என்று 2013-இல் வெளியான சீன நாட்டு ஆய்வு கூறுகிறது. ஆயின் வந்தவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்ததாகவும் அவ்வாய்வே கூறுகிறது. எனவே அரிது என்பதனால் இதனை எளிது என்று எண்ணிவிடலாகாது.

இனி, இஃது ஏன் சிலர்க்கு மட்டும் வருகிறது என்பதைக் காண்போம். நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வோர் அணுவும் தன் மேற்புறத்தில் சிறு தட்டுப் போன்ற புரதங்களை ஏந்தியிருக்கிறது. அணுவினுள் இருக்கும் பொருள்களின் துணுக்குகளை அத்தட்டில் வைத்து வெளியே காட்டுகிறது. காவற்காரரைப் போன்ற வெள்ளணுக்கள் அத்தட்டுகளைப் பார்த்துச் செல்கின்றன. தம்முடைய பொருள் இருந்தால் விட்டுவிடும். அயற்பொருள் இருந்தால் போர் தொடங்கும். இத்தட்டின் வடிவம் மனிதர்க்கு மனிதர் வேறுபடும். தாய் தந்தையரிடமிருந்து நாம் பெறுவது அது. எச்.எல்.ஏ. பி 13:01 என்று குறிக்கப்படும் ஒரு வகைத் தட்டு சிலரிடம் உண்டு. அதன் குழிவில் டாப்சோன் வந்து பொருந்திக்கொள்கிறது. அதனைக் கண்ட வெள்ளணுக்கள் உடலின் சொந்த அணுவையே பகையென எண்ணித் தாக்குகின்றன. தோலும் கல்லீரலும் அப்போர்க்களமாகின்றன.

வெள்ளணுக்கள் பெருகிப் படையாவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதனாற்றான் முதல் நாள் மாத்திரை தொல்லை தருவதில்லை. பெரும்பாலும் நான்காம் வாரத்திற்கும் ஆறாம் வாரத்திற்கும் இடையே தொல்லை தோன்றுகிறது. ‘ஒரு மாதம் நன்றாகத்தானே இருந்தேன், மருந்தால் எப்படி வரும்?’ என்று நோயாளி கேட்பது இயல்பு. ஒரு மாதம் நன்றாக இருந்தது மருந்து குற்றமற்றது என்பதற்குச் சான்றாகாது. மேலும் ஒருமுறை பயின்ற அப்படை மறப்பதில்லை. மருந்தை நிறுத்திக் குணமான பின் மீண்டும் உண்டால், இம்முறை வாரங்கள் வேண்டுவதில்லை. சில மணியிலோ சில நாளிலோ முன்னிலும் கடுமையாகத் தாக்கும். ‘கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொள்ளலாம்’ என்று வீட்டில் சோதித்துப் பார்ப்பது தீயோடு விளையாடுவதாகும்.

இத்தட்டு வகை சீன மக்களிடத்து நூற்றுக்கு இரண்டு முதல் இருபது பேர் வரையிலும், இந்தியரிடத்து ஒருவர் முதல் பன்னிருவர் வரையிலும் காணப்படுவதாக அந்த 2013 ஆய்வு கூறுகிறது. இரத்தத்தைச் சோதித்து, இவ்வகை உடையவர்க்கு டாப்சோன் கொடாமல் விட்டபோது, மருந்து உண்ட ஏனையோருள் ஒருவர்க்கும் இவ்வொவ்வாமை வரவில்லை என்று 2019-இல் வெளியான மற்றொரு சீன ஆய்வு காட்டியது. நம் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் இச்சோதனை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. ஆதலின் நோயாளியின் விழிப்பே நமக்கு முதற் காவல்.

இங்கே தொழுநோயாளர்க்கென ஒரு சிக்கல் உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்போம். தொழுநோய் மருத்துவத்தில் ‘எதிர்வினை’ என்னும் ஒரு சொல் அடிக்கடி வழங்கும். மருந்துக்கு எதிரான ஒவ்வாமையையும் மக்கள் எதிர்வினை என்கின்றனர். நோயே தன்னியல்பில் பொங்கி எழுவதையும் எதிர்வினை என்கின்றனர். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. முன்னதில் குற்றமுள்ள மருந்தை உடனே நிறுத்த வேண்டும். பின்னதில் மருந்தை நிறுத்தவே கூடாது. இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால், ஒரு பக்கம் உயிருக்கு ஆபத்து. மற்றொரு பக்கம் கை கால் முடங்கும் ஆபத்து.

நோயின் எதிர்வினை இரு வகைப்படும். முதல் வகையில், முன்பே இருந்த தேமல்கள் சிவந்து வீங்கும். முழங்கை, கணுக்கால் முதலிய இடங்களில் செல்லும் நரம்புகள் வலிக்கும். சிலபோது வலியின்றியே விரல்களின் வலிமை குறையும், கண் இமை மூடாது, பாதம் தொங்கும். இரண்டாம் வகையில், தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள் முகத்திலும் கை கால்களிலும் தோன்றும். காய்ச்சலும் மூட்டுவலியும் உடன் வரும். கண் சிவத்தலும் உண்டு. இவை, உடலின் காவற்படை நோய்க்கிருமியோடும் இறந்த கிருமியின் எச்சங்களோடும் நிகழ்த்தும் போர். சிகிச்சைக்கு முன்னும், சிகிச்சையின்போதும், சிகிச்சை முடிந்த பின்னுங்கூட இவை வரலாம். இவற்றுக்குப் பிரட்னிசோலோன் முதலிய மருந்துகளை மருத்துவர் தனியே கொடுப்பர். கூட்டு மருந்தும் தொடரும். பல நாள் காலந்தாழ்த்தினால் நரம்பு மீளாமற் போகும்.

வேறுபாட்டை எவ்வாறு அறிவது? முற்றும் அறிந்து முடிவு சொல்வது மருத்துவர் கடமை. எனினும் நாம் சில குறிகளை நினைவிற் கொள்ளலாம். அரிப்பு மிகுந்து, முன்பு நோயில்லாத நல்ல தோலிலும் இருபுறமும் ஒத்துப் பரவும் தடிப்பு மருந்தொவ்வாமையை நினைவூட்டும். வலி மிகுந்து, பழைய தேமலிலோ தனித்தனிக் கட்டிகளாகவோ காணும் வீக்கம் நோயின் எதிர்வினையை நினைவூட்டும். மருந்து தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் காய்ச்சலோடு தடிப்பும் நெறிகட்டலும் கண்டால் மருந்தின்மேல் ஐயம் கொள்ள வேண்டும். கண் மஞ்சளித்தல், சிறுநீர் தேநீர் நிறத்தில் கருத்தல் ஆகியவை கல்லீரல் தாக்குண்டதன் அறிகுறிகள்.

மூன்றாவதாக, தீங்கற்ற சில மாறுதல்களும் உண்டு. அவற்றை ஒவ்வாமை என்று அஞ்சி மருந்தை விடுவோர் பலர். ரிஃபாம்பிசின் உண்ட நாளில் சிறுநீர் செந்நிறமாகும்; ஓரிரு நாளில் தெளிந்துவிடும். குளோஃபசிமின் தோலைச் செம்பழுப்பாகவும் பின்னர்க் கருமையாகவும் மாற்றும்; தோல் உலர்ந்து செதில்படும். தேங்காயெண்ணெய் தடவி வருவது அவ்வுலர்ச்சிக்கு நன்று. சிகிச்சை முடிந்து மாதங்கள் செல்லச் செல்ல நிறம் மெல்ல மீளும். ஊரார் கேட்பார்களே என்று நாணி மருந்தை நிறுத்துவது, கரை தெரியும் வேளையில் துடுப்பை எறிவது போன்றது.

இவையன்றி, டாப்சோன் சிலர்க்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்தவர்க்கு இது கடுமையாகும். இஃது ஒவ்வாமையன்று; வேறு வகைத் தீங்கு. வெளிறல், மூச்சிரைப்பு, உதடு நீலம் பாரித்தல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்பொழுது லோத்குண்டாவிலுள்ள நம் நண்பரிடம் மீள்வோம். அவர் செய்யத்தக்கது யாது? முதலாவது, உடல் முழுதும் அரிக்கும் தடிப்பும் காய்ச்சலும் கண்டதனால், மருத்துவரைக் காணும்வரை அடுத்த மாத்திரையை உண்ணாதிருத்தல். இரண்டாவது, நாளை என்று தள்ளாமல் அன்றே மருத்துவமனை செல்லுதல். மூன்றாவது, தாம் உண்ணும் எல்லா மருந்தட்டைகளையும், கடையில் வாங்கியவற்றையும் நாட்டு மருந்தையும் உட்பட, ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுதல். குற்றவாளி டாப்சோனாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தலைவலிக்கு உண்ட மாத்திரையாகவும் இருக்கலாம். அதனைத் தேர்ந்து காண மருத்துவர்க்குப் பெயர்களும் தேதிகளும் வேண்டும்.

வாயிலும் கண்ணிலும் மறைவிடத்திலும் புண், தோலில் கொப்புளம், தோல் உரிதல், முகமும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம், மஞ்சட்காமாலை — இவற்றுள் ஒன்று கண்டாலும் வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் நிற்பதற்கில்லை. 108 என்னும் எண்ணை அழைத்து அவசர வண்டியில் செல்ல வேண்டும். அவ்வண்டிச் சேவை 2005-இல் ஐதராபாத்திலேதான் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அதே எண்ணே. ஊசி போட்ட சில நிமிடங்களில் காணாக்கடி போல் உடலெங்கும் தடித்து மூச்சடைப்பது வேறொரு வகை ஒவ்வாமை. அதற்கு அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும் மருந்து. ஆகவே எந்த ஊசி போட்டாலும் அரைமணி நேரம் மருத்துவ நிலையத்திலேயே அமர்ந்திருப்பது நல்லது.

மருத்துவமனையில் டாப்சோனை நிறுத்தி, கல்லீரல், இரத்தம் ஆகியவற்றைச் சோதித்து, தேவைக்கேற்பப் பிரட்னிசோலோன் கொடுப்பர். டாப்சோன் உடலில் பல நாள் தங்கும் இயல்பினது. ஆதலின் மாத்திரையை நிறுத்திய உடனே நோய் தணிந்துவிடாது. பிரட்னிசோலோனையும் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். தடிப்பு மறைந்தது கண்டு நோயாளி தாமே நிறுத்தினால், தணிந்த தீ மறுபடி மூளும்.

‘டாப்சோனை நிறுத்திவிட்டால் தொழுநோய் எவ்வாறு தீரும்?’ என்ற அச்சம் எழலாம். இதற்கு நல்விடை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்ததன் முதற்காரணம், ஒரே மருந்தை நம்பினால் கிருமி அதனை எதிர்த்துப் பழகிவிடும் என்பதே. அம்முறையில் வேறொரு நன்மையும் விளைந்தது. டாப்சோன் ஒவ்வாதவர் அதனை விட்டு, ரிஃபாம்பிசினும் குளோஃபசிமினும் மட்டும் வழக்கமான காலம் உண்டு குணமடையலாம். பல இடங்களில் தேமலுள்ள நம் நண்பர்க்கு அக்காலம் பன்னிரண்டு மாதம். ஆக, ஒரு மருந்து போனதென்று சிகிச்சையே போய்விடவில்லை. ஒவ்வாமைக்கு அஞ்சி எல்லா மருந்தையும் எறிந்துவிட்டு ஊருக்கு இரயிலேறுவதுதான் பேரிழப்பு.

தொழுநோய் அல்லாத பிற தோல்நோயாளர்க்கும் ஓரிரு சொற்கள். நாட்பட்ட கரப்பானும் காற்புண்ணும் உடையவர் பூசும் களிம்புகளே ஒவ்வாமை விளைப்பதுண்டு. நியோமைசின் முதலிய மருந்துகள் கலந்த களிம்பு, வெடித்த தோலின் வழி உட்புகுந்து புதிய அழற்சியை எழுப்பும். நோயாளி நோய் மிகுந்ததென்று எண்ணி இன்னும் மிகுதியாகப் பூசுவார். புண் இன்னும் பெருகும். ‘பூசப் பூசப் பெருகும் புண்’ணைக் கண்டால் களிம்பின்மேல் ஐயுற வேண்டும். முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி எப்பொருள் ஆகாது என்று காணும் சோதனை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. வேறு சிலர்க்குக் குறிப்பிட்ட மாத்திரை உண்ணும்போதெல்லாம் உதட்டிலோ கையிலோ அதே இடத்தில் கருவட்டம் தோன்றும். அதுவும் ஒவ்வாமையே; அவ்விடமே உடல் எழுதிவைத்த சீட்டு எனலாம். விரைவில் அரிப்பு அடங்குகிறதென்று ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் தாமே வாங்கிப் பூசுவதும் தவறு. 2018-இல் நடுவண் அரசு அவற்றுள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்ததற்கு இத்தகைய தீங்குகளே காரணம்.

இனி, நாம் மிகுதியும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருவோம். நம் நண்பரிடம் மருத்துவமனையில் ஒரு சிகிச்சை அட்டை கொடுத்தனர். அவர் அதனை அரிசிப் பானையின் அடியில் ஒளித்து வைத்தார். வீட்டுக்காரர் கண்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ, பட்டறையில் தெரிந்தால் வேலை போகுமோ என்பது அவர் அச்சம். அவ்வச்சத்தை நாம் எள்ளுவதற்கில்லை. சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே தொழுநோய் பிறர்க்குத் தொற்றும் தன்மையை இழக்கிறது என்பதை ஊரார் அறியாதவரையில் அவ்வச்சத்திற்கு இடமுண்டு. ஆயினும் எண்ணிப் பாருங்கள். அட்டையில் ‘டாப்சோன் ஆகாது’ என்று எழுதியிருக்கிறது. அட்டையோ பானைக்கடியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் வேலை தேடிப் புனாவுக்கோ சூரத்துக்கோ செல்கிறார். அங்குள்ள மருத்துவர் தேமலைக் காண்கிறார். முழு மருந்தட்டையைக் கொடுக்கிறார். நோயை மறைப்பவர் தம்மையறியாமல் ஒவ்வாமையையும் மறைத்துவிடுகிறார். முதலாவது மறைப்பால் மானம் காக்கப்படலாம். இரண்டாவது மறைப்பால் உயிர் போகலாம்.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. நோயின் பெயரையும் ஒவ்வாமையின் செய்தியையும் வெவ்வேறாகப் பிரித்துவிடலாம். ஒரு சிறு தாளில், ‘எனக்கு டாப்சோன் ஆகாது, இன்ன ஆண்டு, இன்ன மாதம் காய்ச்சலும் தடிப்பும் மஞ்சட்காமாலையும் வந்தன’ என்று மட்டும் மருத்துவரைக் கொண்டே ஆங்கிலத்தில் எழுதுவித்துக் கையொப்பம் பெறுக. நோயின் பெயர் அதில் இருக்க வேண்டுவதில்லை. டாப்சோன் வேறு சில தோல்நோய்களுக்கும் கொடுக்கப்படும் மருந்துதான். வணிகப் பெயரன்றி மருந்தின் பொதுப் பெயரை எழுதுவித்தல் இன்றியமையாதது. ஒரே மருந்து ஊருக்கு ஒரு பெயரில் விற்கப்படுகிறது. அத்தாளைப் பணப்பையில் வைத்துக்கொள்க. ஒரு படியை மனைவியிடம் கொடுத்து வைக்க. மயங்கிக் கிடப்பவர் தாமே பேச இயலாதன்றோ? சல்ஃபா வகை மருந்துகளைக் கொடுக்கும் முன்னும் மருத்துவரிடம் இத்தாளைக் காட்டுவது நன்று.

மொழி தெரியாமை பெருந்தடையன்று. ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று நாம் சொல்வதைத் தெலுங்கர், ‘ஈ மந்து நாகு படது’ என்பர். மருந்து அங்கே மந்து, ஒத்துக்கொள்ளாதது படாதது. இவ்வொரு தொடரைக் கற்றுக்கொண்டால் ஐதராபாத்தின் எந்த மருந்துக் கடையிலும் நம் உயிரை நாம் காத்துக்கொள்ளலாம். எம்மாநிலத்தில் வாழினும், அந்நாட்டு மொழியில் இவ்வொரு தொடரை வீட்டிலுள்ள அனைவரும், குழந்தைகளும், அறிந்திருத்தல் வேண்டும்.

ஐதராபாத் நகருக்கு மருந்தின் தீமையை ஆராய்ந்த பழம்பெருமை ஒன்றுண்டு. மயக்க மருந்தாகிய குளோரோஃபாரத்தால் நேரும் மரணங்களை ஆராய 1888-இலும் 1889-இலும் நிஜாமின் பொருளுதவியோடு இரு ஆய்வுக் குழுக்கள் அங்கே அமைந்தன. எட்வர்டு லாரி என்னும் மருத்துவர் அவற்றை முன்னின்று நடத்தினார். மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்திற்கு நேரே தீங்கில்லை என்று அக்குழுக்கள் முடிவு கூறின. ஆயின் 1911-இல் குட்மன் லெவி என்பார், குளோரோஃபாரம் இதயத் துடிப்பையே குலைத்துக் கொல்லக்கூடும் என்று காட்டினார். பெருமுயற்சியோடு செய்த ஆய்வும் தவறக்கூடும்; தனித்தனியே நிகழும் தீங்குகளைத் தொடர்ந்து பதிந்து வந்தாலன்றி உண்மை வெளிப்படாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

அத்தகைய பதிவுக்கு இன்று நம் நாட்டில் வழியுண்டு. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துத் தர ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் தமக்கு நேர்ந்த தீங்கைத் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளிகட்கான படிவம் தமிழிலும் தெலுங்கிலும் உண்டு. நம் நண்பர் எழுதும் ஒரு படிவம், அவர் காணாத எத்தனையோ நோயாளிகட்குக் காவலாகும். அன்று ஜான் லோ தம் கட்டுரையின் பின்னிணைப்பில் செய்த தொண்டு இதுவேயன்றோ?

நம் நண்பர் என்ன ஆனார்? தாய் கொணர்ந்த வேப்பிலையை அவர் மறுக்கவில்லை. தாயின் மனம் நோகாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். ஆனால் அன்று மாலையே மனைவியோடு மருத்துவமனை சென்றார். பானைக்கடியிலிருந்த அட்டையை மனைவிதான் எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் படுக்கையில் கிடந்து மீண்டார். பின் இரு மருந்துகளோடு தம் பன்னிரண்டு மாதச் சிகிச்சையை நிறைவு செய்தார். அவருடைய விரல்கள் கடைசல் இயந்திரத்தை முன்போலவே இயக்குகின்றன. கதையில் நாம் அவ்வாறு முடிக்கிறோம். வாழ்க்கையிலும் அவ்வாறே முடிவதற்கு வேண்டுவன மூன்று: குறியறிந்து உடனே செல்லுதல், ஆகாத மருந்தை மட்டும் விட்டு ஆகும் மருந்தைத் தொடர்தல், ஒவ்வாமையை எழுதி உடன் வைத்திருத்தல். இன்று இரவு உங்கள் வீட்டிலுள்ள மருந்தட்டைகளை எடுத்துப் பாருங்கள். யாருக்கு எது ஆகாது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.